கவசமா, துணையா? அச்சக் காலங்களில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் சமாதானம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். பிறக்கும் ஆண்டுக்காகக் கர்த்தர் தரும் வசனம் என்று அதைப் பக்தியோடு வாங்கிக்கொள்கிறோம். வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறவர்களும் உண்டு. செழிப்பு, உயர்வு, பாதுகாப்பு இவற்றைச் சொல்லும் வசனங்களே பெரும்பாலும் அதில் இருக்கும். 2020 பிறந்தபோதும் அப்படித்தான் வாங்கினோம். மார்ச் மாதம் முடிவதற்குள் கொரோனாப் பெருந்தொற்றால் ஆலயக் கதவுகள் பூட்டப்பட்டன. அதன்பின் சங்கீதம் 91 கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டே இருந்தது. கொள்ளைநோய்க்கும் இரவின் பயங்கரத்துக்கும் நடுவே கடவுளின் காவலைப் பாடும் சங்கீதம் அது. அதைக் காலையும் மாலையும் வாசித்த வீடுகள் பல பிழைத்தன. அதே பக்தியோடு வாசித்த வீடுகள் சிலவற்றிலிருந்து சவப்பெட்டிகள் போயின. ஜெபிக்க வந்த போதகர்களும் இறந்தார்கள்.

அச்சம் சூழ்ந்த காலத்தில் விசுவாசம் ஒருவருக்கு எதைத் தருகிறது என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் கேட்க வேண்டும். நோயும் போரும் நம்மைத் தொடாது என்ற உறுதியையா? தொட்டாலும் கலங்காத மனத்தையா? இரண்டுமே இல்லையென்றால் வேறு என்ன? கிறிஸ்தவத்தின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில்கள் வாழ்ந்து காட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கப் படிக்க எனக்குள் ஒரு முடிவு உறுதியாகியிருக்கிறது. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தேடியவர்களைவிட, தங்கள் பயத்தைக் கடவுளிடம் வாய்விட்டுச் சொன்னவர்களும், பயந்துகொண்டே பக்கத்து வீட்டுக்காரனின் நோய்ப்படுக்கைக்குப் போனவர்களுமே விசுவாசம் தரும் சமாதானத்தை அறிந்திருக்கிறார்கள்.

சங்கீதம் 91க்கே திரும்புவோம். சுவிசேஷங்களில் அந்தச் சங்கீதம் வெளிப்படையாக எடுத்துக்காட்டப்படும் இடம், மத்தேயுவும் லூக்காவும் சொல்லும் சோதனைக் காட்சி. எடுத்துச் சொல்பவன் பிசாசு. இயேசுவை எருசலேம் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதித்துப் பார் என்கிறான். இயேசு மறுக்கிறார், கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று இன்னொரு வேத வார்த்தையால் பதில் சொல்கிறார். சங்கீதம் பொய் என்று அவர் சொல்லவில்லை. நம்பிச் சாய்வதற்காகத் தரப்பட்ட சொல்லை ஆபத்தை அழைத்துப் பார்க்கும் சவாலாக மாற்றுவதைத்தான் தள்ளிவிட்டார். முகக்கவசம் அணிந்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று பெருந்தொற்றுக் காலத்தில் பேசியவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாக வாசித்திருக்கலாம்.

வேதாகமம் அச்சத்தை மறைத்து வைக்கும் புத்தகம் அல்ல. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஏன் தூங்குகிறீர், எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்ற வகையில் கடவுளிடமே நியாயம் கேட்கும் பாடல்கள் அவை. பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்பவே இல்லை, இருளைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதையும் இஸ்ரவேலர் தங்கள் ஆராதனைப் பாடல்களில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்பது எனக்கு எப்போதும் பெரிய ஆறுதல். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், மனந்திரும்பு, சரியாகிவிடும் என்றார்கள். கதை முடிவில் கடவுளின் கோபம் விழுவது அவர்கள்மேல். அத்தனை அத்தியாயங்கள் முறையிட்டுக்கொண்டிருந்த யோபுதான் சரியாகப் பேசினார் என்று அங்கே தீர்ப்பாகிறது.

மாற்கு சொல்லும் கலிலேயாக் கடல் புயலை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் கேட்டிருப்போம். படகின் பின்பக்கம் இயேசு தலையணையில் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். காற்று அடங்குகிறது. பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். மாற்கு இன்னும் ஒரு வரி எழுதுகிறார்: அமைதி வந்தபிறகே அவர்கள் மிகவும் பயந்தார்கள். புயலைவிடப் பெரியவர் ஒருவர் தங்கள் படகில் இருக்கிறார் என்று அறிந்த பயம் அது. ஆக, சமாதானம் கிடைத்தது என்றால் நெஞ்சு படபடப்பது நின்றது என்று இந்தக் கதையை வைத்துச் சொல்லிவிட முடியாது. கெத்செமனேயில் இயேசுவே கலங்கினார், வியர்வை இரத்தம்போல் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். தூங்காமல் கூட இருங்கள் என்று மூன்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டார், அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

எதற்கும் கவலைப்படாதீர்கள் என்ற பொருளில் பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது விலங்கிடப்பட்டிருந்தார். புத்திக்கு எட்டாத சமாதானம் இருதயத்தைக் காக்கும் என்று அவர் சொன்னதை நாம் மனப்பாடமாக அறிவோம். அதே கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்ததையும், அவர் இறந்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும், அவரை ஊருக்கு அனுப்பினால் தன் துக்கம் குறையும் என்பதையும் பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். சபைகள் எல்லாவற்றையும் பற்றிய கவலை தினமும் அழுத்துகிறது என்று கொரிந்தியருக்கு எழுதியதும் இதே மனிதர். கவலைப்படாதீர்கள் என்று சொல்லும் நாலாம் அதிகாரத்தை மட்டும் அட்டையில் அச்சிட்டுவிட்டு இரண்டாம் அதிகாரத்தை விட்டுவிட்டால், பவுல் வலி தெரியாத மனிதராகத் தெரிவார். வலி தெரியாதவரின் ஆறுதல் வலியில் இருப்பவருக்கு உதவாது.

எரேமியாவின் காலமும் நம் காலத்துக்கு நெருக்கமானது. எருசலேமியர் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட பின்பு, அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் முடியும் என்று ஆலயத்தில் அறிவித்தார். கேட்க இனிமையாக இருந்தது. எரேமியா மறுத்தார். எழுபது வருடம் ஆகும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறையிருக்கும் அந்த நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் அனுப்பினார். சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேலோட்டமாகக் கட்டுகிறவர்களை அவர் ஏற்கெனவே கண்டித்தவர். நோய் எந்த மாதத்தில் ஒழியும் என்று தேதி குறித்தவர்களை நாமும் பார்த்துவிட்டோம். குறித்த மாதம் கடந்துபோனபோது, நம்பியவர்களின் நோயோடு அவமானமும் சேர்ந்துகொண்டது.

வேதாகமத்திலிருந்து வரலாற்றுக்கு வருவோம். கி.பி. 250ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமப் பேரரசை ஒரு பெருங்கொள்ளைநோய் வாட்டியது. கார்த்தேஜ் நகரப் பேராயர் சிப்ரியன் அந்நோயின் குறிகளை எழுதிவைத்ததால் இன்று அதற்கே அவர் பெயர்: வயிற்றுப்போக்கு, தொண்டைப் புண், நிற்காத வாந்தி, சிவந்த கண்கள். சபை மக்களை அப்போது குடைந்த கேள்வி நமக்குப் பழக்கமானதே. விக்கிரக வணக்கத்தார் சாகிறார்கள், சரி; நாமும் அதே நோயில் அதே விதமாகச் சாகிறோமே, ஏன்? சிப்ரியன் மழுப்பவில்லை. உடம்பு எல்லோருக்கும் பொது, விளைச்சல் பொய்த்தால் பஞ்சம் எல்லோருக்கும், கப்பல் உடைந்தால் உள்ளே இருப்பவர் எல்லோருக்கும் என்ற போக்கில் பதில் சொன்னார். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் உதவும்படி அவர் ஊராரைத் தூண்டியதாக அவருடைய வரலாற்றை எழுதிய போந்தியுஸ் சொல்கிறார். அலெக்சாந்திரியாவில், நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, அவர்களிடமிருந்தே நோய் வாங்கி இறந்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேராயர் தியோனிசியுஸ் எழுதிய கடிதத்தை யூசேபியுஸ் பாதுகாத்திருக்கிறார். 258 செப்டம்பர் 14 அன்று சிப்ரியன் தலை வெட்டப்பட்டு மாண்டார். நோயிலிருந்து தப்பியவர் வாளிலிருந்து தப்பவில்லை.

இந்த வரலாற்றுக்கு ஒரு கறுத்த பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1348–49இல் கறுப்பு மரணம் என்ற கொள்ளைநோய் ஐரோப்பாவை விழுங்கியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தியைக் கிறிஸ்தவ ஊர்கள் நம்பின. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். யூதர்களும் அதே நோயில்தானே சாகிறார்கள் என்று சுட்டிக்காட்டிப் போப் ஆறாம் கிளமென்ட் ஆணைகள் விடுத்தும் பல ஊர்களில் பயனில்லை. ஜெபமும் ஊர்வலமும் அந்த ஊர்களில் குறைவாக இருக்கவில்லை. குறைந்தது வேறு. தன் பயத்தைத் தன் பயம் என்று ஒத்துக்கொண்டு கடவுள்முன் வைக்காதவன், அதை இறக்கிவைக்க இன்னொருவனின் தலையைத் தேடுகிறான். 2020இல் நம் நாட்டில் ஒரு சமயத்தார்மேல் நோய்ப் பழி விழுந்தபோதும் இதே மனநோய்தான் வேறு உருவில் வெளிப்பட்டது.

அதே கறுப்பு மரணத்தைச் சிறுமியாக இங்கிலாந்தின் நாரிச் நகரில் கடந்து வந்த ஜூலியன் என்ற பெண், 1373 மே மாதம் தானும் மரணப் படுக்கையில் கிடந்தபோது கண்ட தரிசனங்களை எழுதினார். முடிவில் எல்லாம் நலமாகும் என்ற அவருடைய நம்பிக்கை உலகப் புகழ் பெற்றது. அந்த நம்பிக்கைக்கு அவர் எளிதாக வரவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இத்தனை பாவமும் துன்பமும் இருக்க எப்படி நலமாகும் என்று கடவுளோடு வாதாடி, அந்தத் தரிசனங்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் அசைபோட்டபிறகே அவருடைய விரிவான நூல் உருவாயிற்று.

இந்தக் கேள்வியை நடைமுறையில் மிகத் தெளிவாக எதிர்கொண்டவர் மார்ட்டின் லூத்தர் என்பது என் எண்ணம். அவருடைய பிற்கால யூத வெறுப்பு எழுத்துகளை யாரும் நியாயப்படுத்த முடியாது. 1527இல் அவர் எழுதிய ஒரு சிறு நூலோ இன்றும் மருத்துவமனை வாசலில் வைத்துப் படிக்கத் தகுந்தது. அந்த ஆகஸ்டில் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் புகுந்தது. பல்கலைக்கழகம் ஜேனா நகரத்துக்கு மாறியது. லூத்தரையும் கிளம்பும்படி இளவரசர் ஜான் கட்டளையிட்டார். அவர் போகவில்லை. மனைவி கத்தரீனா கர்ப்பமாக இருந்தார். வீடே மருத்துவமனையானது. சிறு மகன் ஹான்சும் நோயில் விழுந்து பிழைத்தான். இதற்குச் சில வாரங்கள் முன்புதான் லூத்தரைக் கடும் மனச்சோர்வு தாக்கியிருந்தது. கிறிஸ்துவையே இழந்துவிட்டதுபோல் தத்தளிப்பதாக நண்பர்களுக்கு எழுதி, எனக்காக ஜெபியுங்கள் என்று கெஞ்சினார். அந்த நிலையில் இருந்த மனிதரிடம்தான், கொள்ளைநோய்க்குக் கிறிஸ்தவன் பயந்து ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரப் போதகர்கள் கேட்டிருந்தார்கள்.

அவருடைய பதிலில் வீரம் பேசும் வரிகள் குறைவு. ஓடுவது பாவம் இல்லை என்கிறார். உயிரைக் காப்பது கடவுள் வைத்த இயல்பு. ஆனால் யாரைக் கவனிக்கும் பொறுப்பு உனக்கு இருக்கிறதோ அவரை விட்டுவிட்டு ஓடக்கூடாது. போதகர், நீதிபதி, வைத்தியர், பெற்றோர், வேலைக்காரர், அண்டை வீட்டார் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பேசுகிறார். மறுபக்கம், மருந்து வேண்டாம், கர்த்தர் காப்பார் என்று நோயாளிகளோடு கூடிக் குடிப்பவர்களையும் கடுமையாகச் சாடுகிறார். அது விசுவாசம் அல்ல, கடவுளைச் சோதிப்பது. ஜெபிப்பேன், புகை போட்டுக் காற்றைச் சுத்தம் செய்வேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், அயலானுக்கு நான் தேவைப்பட்டால் மட்டும் தயங்காமல் போவேன் என்பதே அவருடைய தீர்மானத்தின் சாரம். கல்லறைகளை ஊருக்கு வெளியே வைப்பது நல்லது என்ற யோசனையும் அதில் உண்டு. அந்த டிசம்பரில் பிறந்த மகள் எலிசபெத் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனாள்.

லூத்தருக்கு நூறு வருடம் கழித்து, முப்பதாண்டுப் போரின் நடுவே சாக்சனியின் ஐலன்பர்க் நகரில் மார்ட்டின் ரின்கார்ட் போதகராக இருந்தார். மதிலுக்குள் அகதிகள் நெருக்கியடித்திருந்த அந்த ஊரை 1637இல் கொள்ளைநோய் தாக்கியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவரே அடக்கம் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். உலகமெங்கும் நன்றிப்பாட்டாகப் பாடப்படும் கீதத்தை இயற்றியவர் அவரே. பிணங்களின் நடுவே அதை எழுதினார் என்று கதை சொல்வது வழக்கம். ஆனால் அது அந்தப் பெருஞ்சாவுக்கு முன்பே, வீட்டில் சாப்பாட்டு வேளையில் சொல்லும் நன்றி ஜெபமாகப் பிறந்தது என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வரலாறுதான் பெரிதாகப் படுகிறது. ஆபத்து வந்தபிறகு ஜெபம் கற்க நேரம் இருக்காது. சாதாரண நாட்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிப் பழகியது வாயில் ஊறியிருந்தால், அறிவு மரத்துப்போன வேளையில் அது தானாக வரும்.

நம்மவர்களின் அனுபவம் பாதுகாப்பு உத்தரவாதக் கொள்கையை இன்னும் கூர்மையாகச் சோதித்திருக்கிறது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்தின் நவாலியில் புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர்க்கால அகதிகளின் பெரும் புகலிடமாயிருந்த மடு மாதா திருத்தலத்தில் 1999 நவம்பரில் எறிகணைகள் வெடித்துப் பலர் மாண்டார்கள். 2019 உயிர்த்தெழுதல் ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்த குழந்தைகள். 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்துமஸ் யாத்திரை வந்தவர்களைச் சுனாமி அலை கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கன்னியாகுமரிக் கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று வரிசையாகக் கிறிஸ்தவ மீனவ ஊர்கள் சிதைந்தன.

வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அப்போது சிலர் அற்புதமாகச் சாட்சி சொன்னார்கள். தப்பியவர் நன்றி சொல்வது இயல்பு, அதை நான் குறைசொல்லமாட்டேன். அதைக் கோட்பாடாக்கி மேடையில் அறிவிக்கும்போது, சில நூறடி தள்ளிக் குழந்தையை அலைக்குக் கொடுத்த தாயின் காதிலும் அது விழுகிறது. உன் பிள்ளையைக் கடவுள் காக்க விரும்பவில்லை என்று அவளுக்கு அது கேட்கும். நவாலியிலும் மடுவிலும் உயிர் பிழைத்தவர்கள் மறுபடியும் அதே ஆலயங்களில் முழந்தாளிட்டிருக்கிறார்கள். சுவர் தங்களைக் காப்பாற்றும் என்று நம்பி அவர்கள் திரும்பி வந்திருக்க முடியாது. தங்கள் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி அழ வேறு இடம் இல்லை. குற்றமின்றிக் கொல்லப்பட்ட ஒருவரே அங்கே பீடத்தின்மேல் தொங்குகிறார்.

மனநல ஆய்வும் இங்கே ஒன்றைச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், மனிதர் நெருக்கடியில் மதத்தைப் பற்றிக்கொள்ளும் விதங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். துன்பத்தில் மதம் எப்போதும் தேற்றும் என்ற எளிய எண்ணத்தை அவருடைய ஆய்வுகள் உடைத்தன. 55 வயதுக்கு மேற்பட்ட 596 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அவரும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட கட்டுரையில், கடவுள் கைவிட்டுவிட்டார், கடவுள் என்னை நேசிக்கவில்லை, பிசாசுதான் இதைக் கொண்டுவந்தது என்ற எண்ணங்களில் உழன்றவர்களுக்கு மரண அபாயம் கூடுதலாக இருந்தது. அந்த எண்ணமே அவர்களைக் கொன்றது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும், படுக்கையில் கிடப்பவரிடம் போய் இது சாபம், இது செய்வினை, வீட்டில் யாரோ செய்த பாவம் என்று பேசும் நம் ஊர் ஊழியர்கள் எதன்மேல் கை வைக்கிறார்கள் என்று யோசிக்க இது போதும். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்ற கருத்தில் இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார் அல்லவா?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஏன் கைவிட்டீர் என்று சங்கீதக்காரனும் கேட்கிறான், சிலுவையில் இயேசுவும் கேட்டார். நோயாளி கேட்டால் மட்டும் அது ஏன் கேடாக வேண்டும்? ஆய்வு இதற்குப் பதில் சொல்லவில்லை. என் கணிப்பு இது: சங்கீதக்காரன் கடவுளிடமே கேட்கிறான், சபையின் நடுவே கேட்கிறான். நம் நோயாளி கேட்க இடமில்லாமல், விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, தனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொள்கிறார். கேள்வி அங்கே தீர்ப்பாக உறைந்துவிடுகிறது. பார்க்கப் போகிற நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்கும்வரை பக்கத்தில் இருப்பது, கேட்டபிறகும் எழுந்து போகாமல் இருப்பது.

நோயாளியிடம் ஆரோக்கியமானவர்கள் பேசும் பேச்சின் வெறுமையை டோனாவூர் ஏமி கார்மைக்கேல் நன்கு அறிந்தவர். 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து காலும் முதுகும் கெட்டு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய அறையை விட்டு வெளியே வரமுடியாமல் கிடந்தார். நலமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் துண்டுப் பிரசுரங்கள் தனக்கு உதவவில்லை என்று சொல்லி, நோயாளியிடமிருந்து நோயாளிக்கு என்ற முறையில் அவர் எழுதிய கடிதங்கள் 1933இல் நூலாக வந்தன. சுகத்துக்காகச் சபையார் ஊக்கமாக ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. அவர் தொடங்கிய பிள்ளைகளின் இல்லம் மட்டும் அவருடைய படுக்கையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது.

டீட்ரிக் பான்ஹாஃபரும் அப்படித் தன் நிலையை ஒளிக்காமல் எழுதியவர். ஹிட்லரை எதிர்த்த அந்த ஜெர்மன் போதகர் 1943 ஏப்ரல் 5 அன்று கைதாகி, பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். குண்டுவீச்சு இரவுகளில் சக கைதிகளுக்குத் தைரியம் சொன்னவர் என்று அவரைப் பற்றிச் சாட்சிகள் உண்டு. 1944இல் அவர் எழுதிய நான் யார் என்ற கவிதையில், வெளியே எல்லோரும் பார்க்கும் நிதானமான மனிதனும் உள்ளே நடுங்கி ஏங்கும் மனிதனும் மோதுகிறார்கள். இருவரில் உண்மையானவன் யார் என்று அவரால் தீர்க்க முடியவில்லை. யாராக இருந்தாலும் நான் கடவுளுக்குச் சொந்தம் என்ற ஒன்றில் போய் நிற்கிறார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அந்த நடுக்கத்தை அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு ஒரு வீரர் கிடைத்திருப்பார். பயந்த இரவில் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு சகோதரர் கிடைத்திருக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் இதே ஓட்டத்தில் வருபவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நாவலாசிரியராக அறியப்பட்ட இந்தக் கத்தோலிக்கர், 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சித்தொட்டி வைத்தார். மழை வேண்டியும் பஞ்சம் தீர வேண்டியும் கடவுளிடம் உரிமையோடு முறையிடும் கீர்த்தனைகளையும் அந்த நாட்களிலேயே பாடினார். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878இல் வெளிவந்தது. அவருடைய கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் பாட்டுக் கட்டியதை இசை உலகம் அறியும். வாய் முறையிட்டது, கை அகப்பை பிடித்தது. முறையீடு இல்லாத தொண்டு சீக்கிரம் களைத்துவிடும், தொண்டு இல்லாத முறையீடு தன்னிரக்கமாகிவிடும் என்று நான் நினைப்பதற்கு இவரும் ஒரு காரணம்.

2020 மார்ச் 27 மாலை, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்று போப் பிரான்சிஸ் பேசியதற்கு எடுத்துக்கொண்டது மாற்குவின் புயல் பகுதியையே. 1522 கொள்ளைநோயின்போது ரோம் நகரத் தெருக்களில் தூக்கிச் செல்லப்பட்ட மரச் சிலுவையை அன்று அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நாம் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம், பயந்தும் வழி தெரியாமலும் இருக்கிறோம் என்பதை ஒத்துக்கொண்டே அவர் பேச்சைத் தொடங்கினார். உலகத்தின் மிகப் பெரிய சபையின் தலைவர் பயத்தை அப்படி வெளிப்படையாகச் சொன்னது, தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பேரைக் கனம் இறங்க அழவைத்தது.

பயத்தை இப்படிச் சேர்ந்து சொல்வதற்கான கருவி நம் சபைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, தூசி படிந்து. இங்கிலாந்து பிரான்சோடு போருக்குப் புறப்பட்ட 1544இல் பேராயர் தாமஸ் கிரான்மர் மக்கள் மொழியில் அமைத்துக் கொடுத்த லித்தானியா என்னும் மன்றாட்டு, ஆங்கிலிக்கன் பொதுஜெபப் புத்தகத்தின் தமிழாக்கம் வழியாகத் திருநெல்வேலிச் சபைகளுக்கும் வந்து சேர்ந்தது. கத்தோலிக்கரின் மன்றாட்டு மாலைகளிலும் பஞ்சம், படை, கொள்ளைநோய் என்ற வரிசை உண்டு. லித்தானியா புயலுக்கும் போருக்கும் திடீர் மரணத்துக்கும் விலக்கிக் காக்கும்படி கேட்கிறது. அதே மூச்சில் மனக் கடினத்துக்கும் பகைக்கும் விலக்கிக் காக்கும்படியும் கேட்கிறது. ஒருவர் சொல்லச் சொல்லச் சபை முழுவதும் பதில் சொல்லும். தனியே ஜெபிக்க வார்த்தை வராதவரும் அந்தக் குரலில் சேர்ந்துகொள்ளலாம். நீளமாக இருக்கிறது என்று பல சபைகள் அதை லெந்து காலத்துக்கு ஒதுக்கிவிட்டன, சில சபைகளில் இளையவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஒரு வெள்ளமோ தொற்றோ கலவரமோ வந்த அடுத்த ஞாயிறு, வாக்குத்தத்தப் பிரசங்கத்துக்கு முன்பாக லித்தானியாவை முழங்காலில் நின்று முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதில் பயணம் போகிறவர்கள், பிரசவ வேதனைப்படும் பெண்கள், நோயாளிகள், சிறுபிள்ளைகள், கைதிகள், அநாதைகள், விதவைகள், கடைசியாக நம் பகைவர்கள் என்று ஒவ்வொருவருக்காகவும் வேண்டுதல் வருகிறது. அந்தப் பட்டியலில் நம் தெருவில் இருப்பவர் யார் யார் என்று ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதே பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டு, மதியத்துக்குள் அவரவர் வீட்டுக்கு இரண்டு இரண்டு பேராகப் போய்வரலாம்.